ஆரம்பகாலக் கருப்பு வெள்ளைத் தாவர ஒளிப்படங்களை எப்படிப் பார்ப்பது?

இலைநரம்பு:
அனைவருக்கும் வணக்கம். 1830களின் முடிவிலிருந்து 1930 வரை எடுக்கப்பட்ட தாவர ஒளிப்படங்களைச் சில மாதங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் தனி இலை, தனித் தண்டு, ஒரு பெரணியின் சுருண்ட குருத்து, ஒரு பூவின் உட்புறம் என்று இருக்கும் இந்தப் படங்களின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் அவற்றில் எது என்னைப் பிடித்து நிறுத்துகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் அண்ணன் தாவரவியல் படித்தவர். அவரிடம் சிலவற்றைக் காட்டியபோது, "பூவிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் வேறு வழியில்லை, அதனால் இப்படி எடுத்தார்கள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மறுத்துப் பேச என்னிடம் சொல் இல்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. இந்தப் படங்கள் குறைபட்ட வண்ணப்படங்களா, அல்லது அவற்றுக்கென்று தனியாக ஒரு பார்வை முறை உண்டா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

கண்ணாடித்தகடு:
நல்ல கேள்வி. உங்கள் அண்ணன் கேட்டதை 1839இலேயே ஒரு பெரிய தாவரவியலாளர் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

காகிதத்தில் ஒளிப்படம் பதியும் முறையை இங்கிலாந்தில் உருவாக்கிய வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தாவரங்களை ஆழ்ந்து அறிந்தவர். ஒளிப்படத்துக்கு வருவதற்கு முன்பே, 1829இல், இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லின்னேயன் சங்கத்தின் உறுப்பினராகியிருந்தார். 1834இல் தொடங்கிய அவருடைய சோதனைகளில் இலைகளும் பூக்களும் முதல் வரிசையில் இருந்தது தற்செயல் அன்று. சாதாரண உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்திய எழுதுதாளின் மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, அதன்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தார். வெயில் பட்ட இடம் கருத்தது; இலை மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. கேமராவும் இல்லை, லென்சும் இல்லை.

அவருக்கு முன்பே, 1802இல், தாமஸ் வெட்ஜ்வுட், ஹம்ப்ரி டேவி இருவரும் இலைகளையும் பூச்சிகளின் இறகுகளையும் இவ்வாறு பதித்திருந்தார்கள். ஆனால் பதிந்த படத்தை நிலைநிறுத்தும் வழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்தால் தாள் முழுவதும் கருத்துவிடும். டால்பட் அடர்ந்த உப்புக் கரைசலாலும் பொட்டாசியம் அயோடைடாலும் அதை ஓரளவு நிறுத்தினார். பிறகு 1839இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், இன்றும் நாம் 'ஹைப்போ' என்று அழைக்கும் உப்பைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்.

இனி அந்தத் தாவரவியலாளருக்கு வருகிறேன். டால்பட் தாவரப் படங்களை நூலாக வெளியிடும் எண்ணத்துடன் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்குச் சில படங்களை அனுப்பினார். ஹூக்கர் பின்னாளில் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநரானவர். காம்பனுலா இனத்து மணிப்பூச் செடி ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, மொத்தத் தோற்றம் அழகாக இருக்கிறது, ஆனால் பூவின் புடைப்போ புல்லி வட்டமோ இலை நரம்புகளோ தெளிவாகத் தெரியவில்லை என்று அவர் பதில் எழுதினார். அவை தெரியும் நாள் வந்தால் நல்ல தாவரப் படங்களை வெளியிட இம்முறை உதவும் என்றும் சேர்த்துக்கொண்டார். கவனியுங்கள்: அவர் குறை சொன்ன பட்டியலில் நிறம் இல்லை. புடைப்பு, புல்லி, நரம்பு மூன்றும் வடிவத்தைச் சேர்ந்தவை.

புல்லிவட்டம்:
கண்ணாடித்தகடு அவர்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாவர வகைப்பாட்டில் வேலை செய்தவள் என்ற முறையில் ஹூக்கரின் பக்கம் நின்றே சொல்கிறேன்: அவர் சொன்னது சரி, ஆனால் அது பூவுக்குத்தான் பொருந்தும்.

தாளின்மேல் நேரடியாக வைத்துப் பதிக்கும் படத்தில் தெரிவது பொருளின் மேற்பரப்பு அன்று. அதன் ஊடாக ஒளி எவ்வளவு சென்றது என்பதுதான். மணி போன்ற ஒரு பூவை அழுத்தினால் இதழ்களும் புல்லியும் மகரந்தத்தாள்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே நிழலாகிவிடும். மெல்லிய இலை அப்படி அன்று. இலைப்பரப்பு சிறிதளவு ஒளியை விடும். தடித்த நடுநரம்பு அதைவிடக் குறைவாக விடும். பூச்சி கடித்த துளை முழுவதையும் விடும். ஆகவே நல்ல இலைப்பதிவு ஒன்றில் நரம்பமைப்பு, விளிம்பின் பல்வெட்டு, காம்பு இலையோடு சேரும் இடம் எல்லாம் கிடைக்கின்றன. நாங்கள் இலையைப் பார்த்து இனத்தைப் பிரிக்கும்போது முதலில் தேடுபவை இவையே.

இன்னொன்று, அளவு. இலை தாளைத் தொட்டுக்கொண்டிருந்ததால் படம் இலையின் மெய்யான அளவிலேயே இருக்கிறது. செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்திருக்கும் உலர்தாவரத் தொகுப்பிலுள்ள ஒரு தாளைப் போல, அளவுகோலை வைத்து அளந்துகொள்ளலாம். கேமராவால் எடுத்த படத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்திருந்தாலொழிய, இது இயலாது. இலைநரம்பு அவர்களே, உங்கள் அண்ணனிடம் இதைக் கேளுங்கள்: அவர் படித்த காலத்தில் கையாண்ட உலர்தாவரத் தாள்களில் எத்தனை பூக்கள் தம் நிறத்தோடு இருந்தன? உலர்ந்த பூ பழுப்பாகிவிடுகிறது. அதை வைத்துத்தான் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாக நாங்கள் வேலை செய்து வருகிறோம்.

கரிக்கோல்:
நான் தாவரங்களை வரைபவன். ஒளிப்படத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஓர் இனத்தை வரையும்போது நான் ஒரே செடியை வரைவதில்லை. பத்துப் பன்னிரண்டு செடிகளைப் பார்த்து, நோயுற்ற இலையை ஒதுக்கி, முறிந்த கிளையை நேராக்கி, மொட்டும் மலரும் காயும் ஒரே கிளையில் இருப்பதுபோல அமைத்து, அந்த இனத்துக்குப் பொதுவான உருவத்தைத் தருகிறேன். அதனால்தான் ஒளிப்படம் வந்த பிறகும் தாவர நூல்களில் ஓவியம் நின்றது.

ஒளிப்படம் காட்டுவது ஒரே ஒரு செடியை. டால்பட்டின் இலை ஓர் இனத்தின் இலை அன்று. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கிளையிலிருந்து பறித்த இலை. அறிவியலுக்கு இது குறை என்றே கருதுகிறேன். ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குள் உண்டாகும் நெகிழ்ச்சிக்கும் அதுவே காரணம். 'குவில்லன் இலை' என்று அழைக்கப்படும் படத்தைச் சிலர் அறிந்திருப்பீர்கள். யார் பதித்தது என்று தெரியாமல் வெகுகாலம் இருந்தது. வெட்ஜ்வுட்டின் காலத்தது ஆகலாம் என்ற ஊகம் எழுந்ததால் 2008இல் ஏலத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் சாரா ஆன் பிரைட் என்ற பெண்மணி 1839இல் பதித்தது என்று ஆய்வாளர் லாரி ஷாஃப் கண்டறிந்தார். அந்த மரம் இருந்த இடம் நமக்குத் தெரியாது. அந்த இலை மட்டும் தன் ஓரத்துக் கிழிசலும் நரம்பும் மாறாமல் இன்னும் இருக்கிறது. என் கையால் ஆயிரம் முறை வரைந்தாலும் அதை என்னால் தர முடியாது.

வெள்ளிஉப்பு:
பழைய முறையில் படம் பதிப்பவன் என்ற வகையில், கருப்பு வெள்ளை என்ற பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவை கருப்பும் அல்ல, வெள்ளையும் அல்ல. உப்பால் நிலைநிறுத்திய தாள் வெளிர் ஊதாவில் நிற்கும். அயோடைடு இட்டது மங்கிய மஞ்சள் பின்புலம் தரும். ஹைப்போவில் இட்டது செம்பழுப்பாக மாறும். இலையின் நிறம் போய்விட்டது, ஆனால் வேதிப்பொருளின் நிறம் வந்து அமர்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு படமும் தன்னைச் செய்த முறையைத் தானே சொல்லத் தொடங்கும்.

நான் செய்யும் முறை எளிது. நல்ல பருத்தித் தாளை நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பும் சிறிது ஜெலட்டினும் கரைத்த நீரில் நனைத்து உலர்த்துவேன். பிறகு மங்கிய மஞ்சள் விளக்கில், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் பூசி மறுபடியும் உலர்த்துவேன். இலையை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் பத்து முதல் இருபது நிமிடம் வைத்தால் போதும். வெளியில் எடுத்ததும் படம் கண்முன்னே இருக்கும், தனியாக உருத்துலக்க வேண்டியதில்லை. அதன்பின் கழுவல், ஹைப்போ, மறுபடியும் நீண்ட கழுவல். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கருங்கறை நாள்கணக்கில் நிற்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. செய்து பார்க்க நினைப்பவர்கள் கையுறையும் கண்காப்பும் இல்லாமல் தொடவே கூடாது.

முதன்முறை நான் பறித்தவுடனே ஒரு பெரணி இலையை வைத்தேன். அதன் ஈரம் தாளில் இறங்கி, இலையின் நடுவில் கருந்திட்டுகளாகப் பரவி, மூன்று நாள் ஆயத்தம் வீணாயிற்று. உலர்தாவரம் தயாரிப்பதுபோலத் தாள்களுக்கிடையே ஒரு வாரம் அழுத்தி வைத்த இலையைத்தான் அதன்பின் பயன்படுத்துகிறேன். இந்தத் தோல்விக்குப் பிறகு, தூய்மையாக வந்திருக்கும் பழைய இலைப்பதிவு எதைப் பார்த்தாலும், அதற்குப் பின்னால் எத்தனை தாள்கள் வீசப்பட்டிருக்கும் என்ற எண்ணம் உடன் வருகிறது.

இம்முறையின் இன்னொரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கருத்த மேற்பரப்பு தனக்கு அடியில் இருக்கும் உப்புக்குத் திரையாகி, மேலும் கருப்பதை மெதுவாக்குகிறது. அதனால் வெளிச்சம் மிகுந்த இடம் முற்றிலும் கெட்டுப்போவதற்குள் வெளிச்சம் குறைந்த இடத்திலும் விவரம் சேர்ந்துவிடுகிறது. இலைப்பரப்புக்குள் காணும் அந்த மென்மையான படிநிலை இப்படி வருவதுதான்.

இலைநரம்பு:
எவ்வளவு விவரம்! அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி. அன்னா அட்கின்சின் கடற்பாசிப் படங்கள் நீலமாக இருக்கின்றனவே, அவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா? அடுத்தது, 1850களின் பூப்படங்கள் சிலவற்றில் இலைகள் ஏறக்குறைய கரியாகத் தெரிகின்றன. தாள் கெட்டுப்போனதால் அப்படியா?

கண்ணாடித்தகடு:
அட்கின்சை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. நீலமாக இருந்தாலும் ஒற்றை நிறப் படம்தான். வெள்ளிக்குப் பதில் இரும்பு உப்பு, அவ்வளவே. சயனோடைப் என்னும் அந்த முறையை ஹெர்ஷல் 1842இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றிய தம் நூலின் முதல் பகுதியைப் பதித்துவிட்டார். 1853 வரை பகுதி பகுதியாக அது வளர்ந்தது. ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். அச்சு இயந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு படியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக வெயிலில் வைத்துப் பதிக்கப்பட்டது, விளக்கவுரைகூட அவருடைய கையெழுத்திலிருந்து அதே நீலத்தில் பதிந்தது.

கரிக்கோல் அவர்கள் கவனிக்க: அட்கின்ஸ் நன்றாக வரையத் தெரிந்தவர். தம் தந்தை மொழிபெயர்த்த, சிப்பிகளைப் பற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்கின் நூலுக்கு 200க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தவர். அத்தகையவர், கடற்பாசிகள் பல மிக நுண்ணியவை, அவற்றைச் சரியாக வரைவது கடினம் என்று கருதித்தான் இம்முறைக்கு வந்தார். தெரிவு செய்த பொருளும் முறைக்கு ஏற்றது. கடற்பாசிக்குப் புல்லி இல்லை, புடைப்பு இல்லை. தாள்போல் விரியும், ஒளியை ஊடுருவ விடும். ஹூக்கரின் குறைகள் எவையும் அதற்குப் பொருந்தவில்லை.

இனி கரிய இலைகளுக்கு வருகிறேன். படம் மங்கியிருக்கலாம், ஆனால் கருமைக்குக் காரணம் அது அன்று. கேமராவுக்குள் வைக்கும், ஒளி உணரும் பூச்சிட்ட அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும் புற ஊதாவும்தான் 'தெரியும்'. பச்சை மிகச் சிறிதளவே பதியும், சிவப்பு பதியாது என்றே சொல்லலாம். ஆகவே செந்நிறப் பூ கருப்பாகவும், மஞ்சள் பூ நாம் எதிர்பார்ப்பதைவிட மிகவும் இருண்டும், நீலப் பூ ஏறக்குறைய வெள்ளையாகவும் வந்தன. 1854ஐ ஒட்டி அடோல்ஃப் பிரவுன் என்பவர் துணி வடிவமைப்பாளர்களுக்காக 300 பூப்படங்களின் தொகுப்பை எடுத்து, மறு ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் தகடு, அதாவது கொலோடியன் என்னும் ஒட்டும் திரவம் பூசிய கண்ணாடி. அந்தத் தகட்டை ஈரம் காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் துலக்கிவிட வேண்டும். பூவும் அதற்குள் வாடக் கூடாது.

1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். அதிலிருந்து ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் வந்தன. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. எனவே ஆண்டைப் பார்க்காமல் ஒரு பூப்படத்தின் கருமை வெண்மையை நம்பக் கூடாது. ஒரு படத்தில் கருத்த பூவைக் கண்டால், அது சிவப்போ மஞ்சளோ ஆகலாம் என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு நிறமும் மறைமுகமாக அதில் இருக்கிறது.

நிழல்தேடி:
அப்படியானால் அந்தத் தகடுகள் பூவைத் தேனீயைப் போலப் பார்த்தன என்று சொல்லலாமா? தேனீக்கும் சிவப்பு தெரியாது, புற ஊதா தெரியும் என்று படித்திருக்கிறேன்.

புல்லிவட்டம்:
அழகான எண்ணம், ஆனால் பாதிதான் பொருந்தும். தேனீக்குப் புற ஊதா, நீலம், பச்சை மூன்றும் தெரியும். பழைய தகட்டுக்குப் பச்சை பெரும்பாலும் தெரியாது. அத்துடன் கண்ணாடி லென்ஸ் புற ஊதாவில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். இருந்தாலும், மனிதக் கண்ணிலிருந்து விலகிய ஒரு பார்வை அந்தப் படங்களில் பதிந்திருக்கிறது என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. மஞ்சள் இதழ்கள் பலவற்றின் அடிப்பகுதி புற ஊதாவை உறிஞ்சி, தேன் இருக்கும் இடத்தைப் பூச்சிக்குக் காட்டுகிறது. நமக்கு அது ஒரே மஞ்சள்.

நிழல்தேடி:
நன்றி அம்மா. எனக்கு அறிவியல் பின்புலம் இல்லை. இந்தப் படங்களுக்குள் என்னை அழைத்து வந்தவர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், எழுதாததால் நானே தொடங்குகிறேன்.

1865இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் பிறந்தவர். இளமையில் இரும்பு வார்ப்புப் பட்டறையில் சிற்ப வார்ப்பு கற்றார். இந்த ஒரு செய்தி தெரிந்தபின் அவருடைய படங்கள் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கின. அந்தத் தண்டுகள் வார்த்த இரும்பைப் போல நிற்பது ஏன் என்று விளங்கிற்று. பிறகு மோரிட்ஸ் மெய்ரரோடு ரோமில் தாவர வடிவங்களைத் தொகுக்கும் பணியில் இருந்தார். 1898 முதல் பெர்லினில் கைவினைக் கலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார். படங்கள் எல்லாம் அந்த வகுப்புக்காக எடுத்தவை. மாணவர்கள் தாவரத்திலிருந்து வடிவமைப்பைக் கற்க வேண்டும். உண்மைச் செடி வாடிவிடும், சிறியதாகவும் இருக்கும். ஆகவே பெரிதாக்கிய படம். தாமே வடிவமைத்த கேமரா, பகல் வெளிச்சம், பின்னால் வெறும் அட்டை. இத்தனை ஆண்டுகளில் முறையை மாற்றவே இல்லை.

1928இல், அவருடைய 63ஆம் வயதில், 120 படங்களோடு முதல் நூல் வந்தது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் தாவரத்தின் பெயரும் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டது என்ற எண்ணும் உண்டு. சில 30 மடங்கு வரை செல்கின்றன. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அவரைப் பற்றி எழுதும்போது குதிரைவால் செடியில் பழங்காலத் தூண்களையும், பெரணியில் கிறித்தவ ஆயரின் வளைந்த செங்கோலையும் கண்டதாகச் சொல்கிறார். எனக்கு அந்த ஒப்புமைகள் பிடிக்கும், ஆனால் நீண்ட நேரம் பார்த்தால் அவை உதிர்ந்துவிடுகின்றன. தூண் மறைந்து தண்டு மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கணத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கரிக்கோல்:
பிளாஸ்ஃபெல்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அவர் செடிகளைத் திருத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டாத இலைகளைக் கத்தரித்தார், கிளைகளைச் சமச்சீராக நிறுத்தினார், நெகட்டிவ்களிலும் கைவேலை செய்தார். அப்படியானால் நான் ஓவியத்தில் செய்வதற்கும் அவர் செய்ததற்கும் என்ன வேறுபாடு? 'இயற்கை தானே தன்னை வரைந்தது' என்று டால்பட் காலத்தில் சொன்னார்கள். பிளாஸ்ஃபெல்டிடம் அது பொருந்தாது. பார்ப்பவர்கள் இதைத் தெரியாமல் வியந்தால், அந்த வியப்பில் ஒரு பகுதி தவறான இடத்துக்குப் போகிறது.

நிழல்தேடி:
கரிக்கோல் அவர்களே, தாங்கள் சொன்னது உண்மை. ஆனால் கத்தரித்தபின் மிஞ்சிய பகுதியில் அவரால் எதையும் சேர்க்க முடியவில்லையே. ஓர் இளந்தண்டின் மேல் இருக்கும் மயிர்களை அவர் எண்ணி வரையவில்லை. அவை எத்தனை இருந்தனவோ அத்தனை பதிந்திருக்கின்றன. பாடம் நடத்துபவர் கரும்பலகையில் தேவையில்லாததை அழிப்பதுபோலத்தான் அந்தக் கத்தரிப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

புல்லிவட்டம்:
இந்த வாதத்தில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இனத்தைக் கண்டறிய வேண்டுமென்றால் பிளாஸ்ஃபெல்டின் படத்தை நான் நம்பமாட்டேன், ஏனெனில் செடியின் முழு உருவம் அதில் இல்லை. ஆனால் உறுப்பின் அமைப்பைக் கற்பிக்க அதைவிடச் சிறந்ததைக் காண்பது அரிது. குதிரைவால் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலைகள் மிகச் சிறுத்து, கணுவைச் சுற்றி ஓர் உறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். உறையின் மேல்விளிம்பில் உள்ள பற்கள்தான் இலைகளின் நுனிகள். வண்ணத்தில் பார்த்தால் மாணவர்களின் கண் பச்சைத் தண்டிலேயே நின்றுவிடும். சாம்பல் நிறப் படத்தில் பக்க ஒளி அந்த உறையையும் பற்களையும் தண்டின் வரிகளையும் தனித்தனியாக எழுப்பிக் காட்டுகிறது. நிறம் போனபிறகு நிழலுக்கு வேலை கிடைக்கிறது. 1839இல் ஹூக்கர் கேட்ட புடைப்பு இங்கே வந்து சேர்ந்தது என்பேன்.

கண்ணாடித்தகடு:
அதே காலத்தில் அமெரிக்காவில் இமோஜென் கன்னிங்ஹாம் எடுத்த மகனோலியாவைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். படிக்கும்போதே தாவரவியல் துறைக்கு, விளக்கொளியால் திரையில் காட்டும் கண்ணாடிப் படங்கள் தயாரித்திருக்கிறார். மூன்று சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே போய்ப் படம் எடுக்க முடியாத ஆண்டுகளில் வீட்டுத் தோட்டத்துச் செடிகளுக்குத் திரும்பினார். 1925இன் அந்த மகனோலியாவில் பூ முழுச் சட்டத்தையும் நிரப்புகிறது. நடுவில் சூலகத் தண்டும் அதன் அடியில் மகரந்தத்தாள்களும் தெளிவாக நிற்கின்றன. அந்த மகனோலியா வெண்மையான பூ என்பதால், அங்கே நிறம் ஒன்றும் இழக்கப்படவில்லை. இதழின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்கு வெண்மை எத்தனை படிகளில் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கு எதிர்ப்புறத்தில் சார்லஸ் ஜோன்ஸ் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர். தாம் விளைவித்த காய்களையும் பழங்களையும் பூக்களையும் வெற்றுப் பின்புலத்தில் வைத்து எடுத்தார். உயிரோடு இருந்தவரை ஒளிப்படக்காரராக யாரும் அவரை அறியவில்லை. 1981இல் லண்டன் பழம்பொருள் சந்தையில் ஒரு பெட்டிக்குள் அந்தப் படங்கள் கிடைத்தன. தான் வளர்த்ததைத் தானே நின்று பார்க்கும் ஒருவரின் பார்வை அவற்றில் இருக்கிறது.

வெள்ளிஉப்பு:
ஒரு வேண்டுகோள். இவற்றைத் திரையில் பார்ப்பவர்கள், படத்தை வலையேற்றியவர் மாறுபாட்டைக் கூட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். செம்பழுப்பான பழைய தாளைத் தூய கருப்பு வெள்ளையாக மாற்றி, நடுச்சாம்பல்களைத் துடைத்துவிட்ட பிரதிகள் நிறைய உலவுகின்றன. அருங்காட்சியகங்களின் சொந்தத் தளங்களில் தாளின் ஓரமும் கறையும் தெரியும்படி வைத்திருக்கும் பிரதிகளையே தேடுங்கள். மூலத்தைக் காண வாய்ப்புக் கிடைத்தால், அரை இருட்டில் காட்டுகிறார்களே என்று வருந்த வேண்டாம். உப்புத்தாள் படங்களுக்கு 50 லக்ஸ் அளவிலான மங்கிய வெளிச்சமே பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. உப்பால் மட்டும் நிலைநிறுத்தப்பட்ட டால்பட்டின் முதல் பதிவுகள் சில இன்னும் ஒளிக்கு மாறக்கூடியவை. அவற்றைப் பொறுத்தவரை 1830களில் தொடங்கிய வெயில் இன்னும் முடியவில்லை.

இலைநரம்பு:
இந்த உரையாடல் முழுவதையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். உலர்தாவரத் தாளைப் பற்றிப் புல்லிவட்டம் அம்மா எழுதிய இடத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் பழைய கைலென்சைத் தேடி எடுத்துவந்து, பிளாஸ்ஃபெல்டின் குதிரைவால் படத்தில் கணுவுறையின் பற்களை எண்ணத் தொடங்கினார். பூசணியின் பற்றுக்கம்பிகள் இருக்கும் படத்துக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியாததால் இங்கே கேட்கிறேன். சுருள் நடுவில் திசை மாறுமா, அல்லது ஒரே பக்கமாகவே சுற்றுமா?

புல்லிவட்டம்:
நல்ல தாவரவியலாளர் கேட்கும் கேள்வி. எதையும் பற்றாமல் விடப்பட்ட கம்பி முதுமையில் ஒரே திசையில் சுருளும். நுனி ஒரு கொம்பைப் பற்றிக்கொண்டால் இரு முனையும் கட்டுண்டுவிடுவதால், ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுருண்டு, நடுவில் ஒரு நேரான துண்டு நிற்கும். டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி எழுதும்போது இதை விளக்கியிருக்கிறார். ஆகவே பிளாஸ்ஃபெல்ட் கத்தரித்து அட்டையின் முன் வைத்த ஒவ்வொரு கம்பியும், பறிக்கப்படும் முன் எதையாவது பற்றியிருந்ததா இல்லையா என்பதை அண்ணனே லென்சால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இலைநரம்பு:
சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சுருளாகத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது கம்பியில் நேரான துண்டு போன்று ஒன்று தெரிகிறது, ஆனால் அது நிழலாகவும் இருக்கலாம் என்கிறார். பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டுமாம்.